ரெட்டைத் தும்மல்

மே 31, 2025 – சனி

வால்வை மாட்டியாயிற்று.

பாகலூர் ரோட்டில் சின்னராஜ் அண்ணன் பட்டறையில் ஓர் ஓரமாகக் காரை நிறுத்திக்கொண்டு நானே மாட்டினேன். அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டே, "அந்தக் கிளிப்ப இன்னும் கொஞ்சம் முறுக்கும்மா" என்று ஒரே ஒரு முறை சொன்னார். மற்றபடி என் கை, என் ஸ்பானர், என் நகத்துக்குள் கிரீஸ்.

மணிவேலுக்குப் போன் செய்து பெருமையாக விளக்கினேன். டர்போ வண்டி வேகமெடுத்துப் போகும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், அழுத்தத்தோடு வந்துகொண்டிருக்கிற காற்றுக்குப் போக வழி இருக்காது. வண்டியோடு வந்த வால்வு அந்தக் காற்றைச் சத்தமில்லாமல் திரும்ப உள்ளேயே அனுப்பிவிடும். நான் மாட்டியிருக்கும் ப்ளோ-ஆஃப் வால்வு அதை வெளியே விடும், நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆகமொத்தம் வண்டிக்கு ஏப்பம் வர வெச்சிருக்க" என்றான்.

கல்யாணத்துக்கு அப்புறம் இவனோடு எப்படிக் குடித்தனம் நடத்தப்போகிறேனோ.

ஒரு வேடிக்கை. கம்பெனியில் என் வேலையே காற்று கசிகிறதா என்று பார்ப்பதுதான். பைப்பை மாட்டு, காற்றை அடை, கசிந்தால் சிவப்பு விளக்கு, கசியாவிட்டால் பச்சை. அப்படிப்பட்டவள் சொந்தக் காசைப் போட்டு வண்டியில் காற்றை வெளியே விட்டுக்கொண்டு திரிகிறேன். சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் சிரிப்பார்.

ஜூன் 3 – செவ்வாய்

சாயங்காலம் வேலை முடிந்து மெயின் ரோட்டு ஏற்றத்தில் வந்து, பிள்ளையார் கோயில் முனையில் எங்கள் தெருவுக்குத் திரும்பக் காலை எடுத்தால், "ஹச்ச்!" அந்த ஒரு சத்தத்துக்காக நாள் முழுக்கச் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். தெரு அங்கிருந்து பள்ளத்தில் இறங்குகிறது, கடைசி வீடு எங்களுடையது. உள்ளே போனால் டீ அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கிறது. அம்மாவின் நேரக் கணக்கு தப்புவதே இல்லை.

ஜூன் 8 – ஞாயிறு

இன்றைக்குச் சாமல்பட்டி போய் வந்த கதையை எழுதியிருக்க வேண்டும். போகாத கதையை எழுதுகிறேன்.

போன மாதம் மணியின் அப்பாவும் அம்மாவும் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரே கம்பெனி பஸ்ஸில் வருடக்கணக்கில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் போனவளை என்ன புதிதாகப் பார்ப்பது என்று மணி கேட்டானாம். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. அவர்களுக்குப் பிடித்துவிட்டது. இனி நாங்கள் சாமல்பட்டிக்குப் போய் அவர்கள் வீடு வாசலைப் பார்க்க வேண்டும். அது முடிந்தால்தான் நிச்சயத்துக்கு நாள் குறிப்பார்கள்.

காலையில் கிளம்பினோம். அம்மா பின் சீட்டில் பட்டுப்புடவையோடு. அப்பா முன் சீட்டில், மடியில் பூவும் பழமும் வெற்றிலையும் வைத்த தாம்பாளம். தெரு மேட்டில் ஏற வண்டி நன்றாகவே இழுத்தது. பிள்ளையார் கோயில் முனையில் கியர் மாற்றக் காலை எடுத்தேன். ஹச்ச்!

"நிறுத்து" என்றார் அப்பா.

"என்னாச்சுப்பா?"

"தும்மிடுச்சு."

"யாரு?"

"வண்டி."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "கெளம்பறப்ப ஒத்தத் தும்மல் ஆவாது பாப்பா" என்று தாம்பாளத்தோடு இறங்கி, அத்தனை பேர் வாசலிலிருந்து பார்க்க, மொத்தத் தெருவையும் நடந்தே இறங்கி வீட்டுக்குள் போனார். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். உட்கார்ந்தார். உட்கார்ந்துகொண்டே இருந்தார். பிறகு காலண்டரைப் பார்த்து, "நல்ல நேரம் முடிஞ்சிடுச்சு. அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றார்.

தாம்பாளத்து ஆப்பிளை நாங்களே தின்றோம்.

ஜூன் 9 – திங்கள்

மணி சிரித்து முடித்த பிறகு கேட்டான்: "வண்டி தும்முச்சுன்னு எங்கப்பாகிட்ட எப்பிடிச் சொல்றது?" டயர் பஞ்சர் என்று சொல்லச் சொன்னேன்.

ஜூன் 10 – செவ்வாய்

அந்தச் சனியனைக் கழற்றிப் போடு என்கிறாள் அம்மா. முதலில் தமிழில் சொன்னாள், கேட்கவில்லை என்றதும் தெலுங்கில் சொன்னாள். தெலுங்குக்குப் போனால் கோபம் என்று அர்த்தம்.

நானும் பிடிவாதமாக, "தும்மல்னா என்னா இப்ப? எல்லாத் தும்மலுமா கெட்டது?" என்றேன்.

"ஒத்தத் தும்மல்தான் ஆவாது. ரெட்டத் தும்மல் நல்லது. அடுத்தடுத்து ரெண்டு வந்தா, போற காரியம் ஜெயம்னு சொல்லுவாங்க."

எனக்கு உடனே பொறி தட்டியது. அம்மாவுக்கும் என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

ஜூன் 14 – சனி

வால்வின் தலையில் ஒரு ஸ்க்ரூ இருக்கிறது. அது உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை அழுத்தும். தளர்த்தினால் வால்வு சட்டென்று திறந்து, ஒரே மூச்சில் முழுக் காற்றையும் விட்டுவிடும் – ஒத்தத் தும்மல். முறுக்கினால் திறக்கத் தயங்கும். கொஞ்சம் விடும், மூடும், மறுபடியும் விடும். ரொம்ப முறுக்கினால் புறா சிறகடிக்கிற மாதிரி படபடவென்று ஒரு சத்தம். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது என் ரெட்டைத் தும்மல்.

அரை வாரமாகச் சாயங்காலம் தோறும் தெரு மேட்டில் ஏறி இறங்குகிறேன். கொஞ்சம் முறுக்கு, ஏறு, கேள், இறங்கு. எதிர்வீட்டு பிரவீனா அக்கா மொட்டைமாடியில் துணி காயப்போட வந்தவள், "லைசென்சுக்கா பழகற?" என்று கேட்டாள். வண்டி வாங்கி ஒரு வருடம் ஆகிறது!

இன்று வந்துவிட்டது. ஹச்ச், ஹச்ச். என்ன சுத்தம்! ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்தேன். நாளைக்கு யார் தடுப்பார்கள் பார்க்கலாம்.

ஜூன் 15 – ஞாயிறு

மூன்று.

நான் தனியாக ஓட்டும்போது இரண்டு. மூன்று பேரும் ஏறி உட்கார்ந்தால் மேட்டில் எஞ்சின் கூடுதலாகத் திணறுகிறது, காற்றழுத்தம் ஏறுகிறது, மூன்று. லோடு ஏற்றாமல் டெஸ்ட் செய்தேன். கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவன் இப்படிச் செய்தால் நானே திட்டுவேன்.

"ரெண்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. மூணு எந்தக் கணக்குலயும் வராது" என்று அப்பா இறங்கிவிட்டார். இந்தத் தடவை தாம்பாளத்தில் மாம்பழம்.

ஜூன் 16 – திங்கள்

இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

மணியின் குரலே சரியில்லை. அவன் அப்பா கிருஷ்ணப்பன் மாமா, தோட்டத்து மா, புளி, நிலக்கடலை என்று இருக்கிற மனுஷன், இரண்டு ஞாயிறாகப் பந்தல்காரரைப் போல வாசலைக் கூட்டி நாற்காலி போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாராம். நேற்றுச் சாயங்காலம் நாற்காலியை மடிக்கும்போது, "பொண்ணு வீட்டுல இஷ்டம் இல்ல போலருக்குதுடா. வாயால சொல்லச் சங்கடப்படறாங்க" என்றாராம். "ஆடி பொறக்கறதுக்குள்ள வந்தாங்கன்னா பேசலாம். இல்லன்னா வேற எடம் பாக்கறோம்னு மரியாதையாச் சொல்லிடலாம்."

வேற எடமா? எனக்கா, அவனுக்கா? ஏன், நான் என்ன கடையில் இருக்கிற சாமானா, இங்கே இல்லையென்றால் அடுத்த கடையில் வாங்க? கோபம் கோபமா வருது. யார்மேல கோவப்படறது? ஒரு ஸ்க்ரூ மேலயா?

ஜூன் 18 – புதன்

என் பிடிவாதத்துக்கு ஒரு அளவு வேண்டாமா.

ஜூன் 21 – சனி

கழற்றிவிட்டேன். பழைய வால்வையே திரும்ப மாட்டியாயிற்று. வண்டி சத்தமே இல்லாமல் போகிறது, ஊமை மாதிரி. ப்ளோ-ஆஃப் வால்வைத் துணியில் சுற்றி டிக்கியில் வைத்திருக்கிறேன். வருத்தமாகத்தான் இருக்கிறது. மணியைவிட அது பெரிதில்லை.

ஜூன் 22 – ஞாயிறு

தும்மல் இல்லை. பிள்ளையார் கோயில் முனையைத் தாண்டியும் விட்டோம். அப்போதுதான் மூச்சே விட்டேன்.

"நிறுத்து. பூன குறுக்க போச்சு" என்றார் அப்பா.

என் கண்ணுக்குப் பூனை தெரியவில்லை. அம்மா கண்ணுக்கும் தெரியவில்லை. கோயில் முனைப் பூக்காரம்மாவிடம் கேட்டேன், அவர் கண்ணுக்கும் தெரியவில்லை. அப்பா அதற்குள் பாதித் தெரு இறங்கிவிட்டார்.

அம்மா அப்படியே பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்தே சொன்னாள்: "உங்கப்பா முப்பது வருசம் கம்பெனி பெயிண்ட் ஷாப்புல ஷிப்டு போனாரு. நானே எதுக்க நின்னு தும்மியிருக்கறேன். பூன, காலி கொடம், எதுக்காச்சும் ஒரு நாள் நின்னிருப்பாரா? பஸ்ஸு போயிடும்னு ஓடுவாரு. இப்ப மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு சகுனம்?"

அப்படியென்றால் என்ன? மணியைப் பிடிக்கவில்லையா? பிடிக்கவில்லை என்றால் அன்றைக்கு அவர்கள் வந்தபோது அத்தனை சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தாரே.

கேட்க பயமா இருக்குது.

ஜூன் 25 – புதன்

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் டீ இல்லை. போன வாரம் வரை தினமும் இருந்தது, இந்த வாரம் திங்களும் இல்லை, நேற்றும் இல்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று பார்த்தால், அவள் ஹாயாக சீரியல் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அப்பா கேட் அருகே நின்றுகொண்டிருந்தார். நான் வண்டியை நிறுத்தி இறங்கிய பிறகுதான் திரும்பினார். "எப்ப வந்த? சத்தமே கேக்கல" என்றார். முனையையே பார்த்துக்கொண்டு நின்றவர் வண்டியைக் கவனிக்கவில்லை. காதைத்தான் தீட்டி வைத்திருந்திருக்கிறார்.

உள்ளே போய் அம்மாவிடம், "ஏம்மா டீ போடல?" என்றேன்.

"நான் எப்ப போட்டேன்? தெனம் முனையில அந்தத் தும்மல் கேட்டதும் உங்கப்பாதான் எந்திரிச்சிப் போயி அடுப்பப் பத்த வெப்பாரு. நாலு நாளா சத்தம் வர்ல. உக்காரவும் மாட்டாரு, நிக்கவும் மாட்டாரு."

நான் அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஜூன் 26 – வியாழன்

இரண்டு வாரமாகத் தப்பான ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜூன் 29 – ஞாயிறு

இன்று சாமல்பட்டிக்குக் கிளம்பவே இல்லை. காலையில் வாசலில் பானெட்டைத் திறந்து வைத்து, டிக்கியிலிருந்து வால்வை எடுத்தேன். அப்பா இரண்டு டம்ளர் டீயோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"மறுபடி மாட்டறியா?"

"ஆமாப்பா."

நான் ஹோசைச் சொருகினேன், அவர் கிளிப்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு நான் தலையை நிமிர்த்தாமலே சொன்னேன், "பூன வரலப்பா."

"தெரியும்" என்றார்.

"மணிய புடிக்கலையா?"

"நல்ல பையன். அதான் கோவமே. ஒரு குறை இருந்துச்சுன்னா சொல்லிட்டுப் போயிருப்பேன்." டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார், அது ஏற்கெனவே ஆறிப்போயிருந்தது. "ஷிப்டு போன காலத்துல நீ தூங்கினப்பறம் வருவேன், நீ எந்திரிக்கறதுக்கு முன்ன போவேன். நீ வளந்ததையே நான் பாக்கல பாப்பா. இப்பத்தான் ரிட்டையர் ஆயி, சாயங்காலமானா என் பொண்ணு வருவா, டீ போட்டுக் குடுக்கலாம்னு உக்காந்திருக்கறேன். அதுக்குள்ள கூட்டிக்கினு போறேங்கறாங்க."

"நான் சாமல்பட்டிக்கா போறேன்? ரெண்டு பேருக்கும் வேல இங்கதான? ஓசூர்லதானப்பா இருக்கப்போறோம்."

"இருப்ப. இந்த முனையில திரும்ப மாட்டியே."

ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு அழுதேன். அப்பா என் கிரீஸ் கையைத் தன் வேட்டியில் துடைத்தார். அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்து, அந்த வேட்டிக்காகத் தெலுங்கில் ஒரு பாட்டம் திட்டினாள்.

அழுது முடித்ததும் கேட்டேன், "அப்ப அடுத்த வாரம் போலாமாப்பா?"

"போலாம். ஆனா ரெண்டு தும்மல் வரணும்."

"அப்பா!"

"என்னாத்துக்கு அப்பா? தும்மலுக்காக ரெண்டு தரம் எறங்கினத மொத்தத் தெருவும் பாத்துச்சு. இப்ப ஒத்தத் தும்மலுக்குக் கெளம்பினா என்னப் பத்தி என்னா நெனைப்பாங்க?"

சொன்ன சொல்லிலிருந்து இறங்க அவருக்கும் ஒரு ஏணி வேண்டும் போலிருக்கிறது. சரி, வைத்துக்கொடுப்போம்.

ஜூலை 5 – சனி

நாளைக்கு மணியின் சித்தப்பா வீட்டில் காதுகுத்து, அதனால் அடுத்த ஞாயிறுதான். ஆடிக்கு முன் அதுதான் கடைசி ஞாயிறு. கிருஷ்ணப்பன் மாமாவிடம் அப்பாவே போன் போட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க, வண்டியில ஒரு சின்ன வேல" என்றார். அது பொய்யும் இல்லை.

இன்று ஒழுங்காக லோடு ஏற்றி டெஸ்ட் செய்தேன். பின் சீட்டில் அம்மாவுக்குப் பதிலாக இரண்டு அரிசி மூட்டை. முன் சீட்டில் அப்பாவுக்குப் பதிலாக மணி. "மாமனார் சீட்டு சூடா இருக்குது" என்றான். முதல் தடவை மூன்று. ஸ்க்ரூவை ஒரு மயிரிழை தளர்த்தினேன். மொட்டைமாடியிலிருந்து பிரவீனா அக்கா இரண்டு விரலைக் காட்டினாள். திரும்ப ஏறினோம், திரும்ப இரண்டு விரல். மணி அரிசி மூட்டையைப் பார்த்து, "அத்தே, ஜெயம்" என்று கும்பிட்டான்.

ஸ்க்ரூ அசையாதபடி நட்டைப் போட்டுப் பூட்டிவிட்டேன். இனி யாரும் தொடக்கூடாது, நான் உள்பட.

ஜூலை 13 – ஞாயிறு

காலையில் குளிர். ஓசூருக்கே உரிய அந்த நசநசத் தூறல். பிரவீனா அக்கா குடையோடு மாடியில். பூக்காரம்மா, பால்காரர், எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது. யாரோ பிள்ளையாருக்குச் சூடம்கூட ஏற்றி வைத்திருந்தார்கள்.

அப்பா முன் சீட்டில், தாம்பாளம் மடியில். அம்மா பின்னால். மேட்டில் ஏறினேன். முனை. காலை எடுத்தேன்.

ஹச்ச்!

ஒன்று.

காத்திருந்தேன். இன்னொன்று வரவே இல்லை. குளிரா, ஈரமா, நடுங்கிப்போய் என் கால்தான் சீக்கிரம் எழும்பிவிட்டதா, தெரியவில்லை. பிரேக்கை மிதித்து நின்றுவிட்டேன். திரும்பி அப்பா முகத்தைப் பார்க்க தைரியம் இல்லை. அங்கே சாமல்பட்டியில் ஒருவர் நாற்காலி போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். கடைசி ஞாயிறு. அவ்வளவுதான், போச்சு, எல்லாம் போச்சு –

"அ... அச்ச்!"

பக்கத்தில். அப்பா.

பொய்த் தும்மல். கண்ணில் தண்ணீர் இல்லை, மூக்கு சிவக்கக்கூட இல்லை. நாடகத்தில் நடித்திருந்தால் கல்லெறிந்திருப்பார்கள். துண்டை எடுத்து நிதானமாக மூக்கைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை இறக்கி, வெளியே நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "ரெண்டாச்சு. எடு வண்டிய" என்றார்.

மாடியில் பிரவீனா அக்கா கை தட்டினாள். அம்மா குந்தாரப்பள்ளி வரை விட்டு விட்டுச் சிரித்துக்கொண்டே வந்தாள். அங்கே டீக்கடையில் நிறுத்தினோம். அப்பா ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "நான் போடற மாதிரி இல்ல" என்றார். அது உண்மைதான்.

சாமல்பட்டியில் ரயில் போகிற சத்தத்துக்கு நடுவே வீடு பார்த்தோம், தோட்டம் பார்த்தோம், கிணறு பார்த்தோம். மணி தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி நெளிந்தான். நிச்சயம் ஆவணியில் என்று பேசி முடிந்தது. கடைசியில் கிருஷ்ணப்பன் மாமா, "பொண்ணு வீட்டுப் பக்கம் ஏதாச்சும் சொல்லணும்னா சொல்லிடுங்க, மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்.

அப்பா தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணே ஒண்ணுதாங்க. இவங்க ஓசூர்ல வாடகைக்கு வீடு பாக்கறப்ப எங்க வீட்டுக்குக் கிட்ட பாக்கணும். மேடான தெருவாப் பாக்கணும்."

"மழத் தண்ணி நிக்காது, அதுக்குங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். "ஆமாங்க, அதுக்குத்தான்" என்றார்.

ஜூலை 20 – ஞாயிறு

ஆடியில் வீடு பார்க்கலாமா என்று அம்மா கேட்டதற்கு, "பாக்கறதுக்கு என்னா? குடி போறதுதான் ஆவாது" என்று சொல்லிவிட்டு, நேற்று அப்பாவே மணியைக் கூட்டிக்கொண்டு அலைந்தார். நாலு தெரு தள்ளி ஒரு மாடி வீடு. சமையலறை சின்னது, பால்கனி அதைவிடச் சின்னது. அப்பா உள்ளே சரியாகப் பார்க்கவே இல்லையாம். தெருவில் கீழிருந்து மேல்வரை நடந்து பார்த்தாராம். மூச்சு வாங்கியதாம், பிடித்துவிட்டதாம்.

இன்று சாயங்காலம் என்னை மட்டும் வண்டியோடு அந்தத் தெருவுக்கு அனுப்பினார். தான் நம் வீட்டு கேட்டிலேயே நின்றுகொண்டார். எங்கள் தெருவைவிடச் செங்குத்தான அந்த மேட்டில் நான் அடியிலிருந்து இரண்டாவது கியரில் ஏறி, அந்த வீட்டு வாசலுக்கு நேராகக் காலை எடுத்தேன்.

ஹச்ச், ஹச்ச். யாரும் கேட்காதபோது எவ்வளவு ஒழுங்காக வருகிறது!

போன் அடித்தது.

"கேட்டுச்சு பாப்பா. டீ வெச்சுட்டேன், வந்துடு."